குமரவேலின் வண்டி ஏன் புகைந்தது?

இரும்புலியூர் சிக்னலில் விசில் சத்தம். தனக்குத்தானா என்று சுப்ரஜா பைக்கில் இருந்தபடியே திரும்பிப் பார்த்தாள். பின்னால் வந்துகொண்டிருந்த மாநகரப் பேருந்தைக் காணவில்லை. நீல நிறப் புகைதான் இருந்தது. புகைக்குள்ளிருந்து யாரோ இருமினார்கள்.

“ஓரங்கட்டும்மா!” டிராஃபிக் போலீஸ்காரர் கையால் முகத்தை விசிறிக்கொண்டே வந்தார். “கொசு மருந்து அடிக்கிற வேலைய உன்கிட்டயா குடுத்துகீறாங்க?”

பக்கத்து ஆட்டோவில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

“சாரி சார். அப்பா வண்டி. இன்னிக்கு சாயந்தரமே மெக்கானிக்கிட்ட காட்டிடறேன்.”

“சாயந்தரம் இல்ல, இப்பவே. தோ அந்த ரெண்டாவது சந்துல பிரிட்டோ கடை கீது. தள்ளிகினு போ. இன்னொரு தபா பாத்தேன், வண்டி ஸ்டேஷன்ல நிக்கும்.”

வண்டியைத் தள்ளினாள். சந்து முனை வந்ததும் கால் தயங்கியது.

மூன்று வாரத்துக்கு முன்னால் சாவியைக் கொடுத்தபோது அப்பா சொன்ன ஒரே நிபந்தனை அதுதான். “ஆயில் அளவு பாத்து ஊத்திக்கோ. ஆனா எந்த மெக்கானிக்கிட்டயும் விடாத. திறக்கவே கூடாது.”

“ஏம்பா?”

“திறக்கக் கூடாதுன்னா கூடாது.” அந்த ஒரு வாக்கியத்துக்கு நடுவில் இரண்டு முறை மூச்சு வாங்கினார்.

அப்பா குமரவேலுக்கு ஐம்பத்திரண்டு வயது. பம்மலில் ஒரு பேக்கேஜிங் கம்பெனியில் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். தினமும் காலை எட்டு மணிக்குத் தேய்த்த வெள்ளைச் சட்டையும் கழுத்தில் ஐ.டி. கார்டுமாகக் கிளம்புவார். மாலையில் அதே வெள்ளையோடு திரும்புவார். வண்டியும் அப்படித்தான். 2006 மாடல், நூறு சிசி. டேங்கில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

பிப்ரவரியிலிருந்து அவர் வேலைக்குப் போகவில்லை. இருமல். நான்கு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார். எடை பன்னிரண்டு கிலோ குறைந்துவிட்டது. சேலையூரில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் தபீதாள் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, காசநோயாக இருக்கலாம் என்று மாத்திரை ஆரம்பித்தார். ஐந்து மாதம் ஓடிவிட்டது. இருமல் ஒரு துளி அடங்கவில்லை.

போன வாரம் டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“சார், மூணு தடவை சளி டெஸ்ட் எடுத்தாச்சு. கிருமியே இல்ல. தப்பான வியாதிக்கு மருந்து குடுத்துட்டிருக்கேனோன்னு எனக்கே பயமா இருக்கு. கல்லு, மண்ணு, தூசி… அந்த மாதிரி இடத்துல எங்கயாவது வேலை பாத்தீங்களா?”

“இல்ல டாக்டர். ஆபீஸ் வேலை. ஏ.சி. ரூம்.”

“சிகரெட்? பீடி?”

குமரவேல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி கீதாவைப் பார்த்தார். “பீடி. ரொம்ப நாளா.”

கீதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அது வீட்டில் பழைய சண்டை. மூன்று வருடத்துக்கு முன் இருமல் தொடங்கியபோதே கீதா கேட்டாள்: “திருட்டுத்தனமா பீடி குடிக்கிறீங்களா?” முதல் நாள் மறுத்தார். அடுத்த நாள் தலையை ஆட்டினார். அன்றிலிருந்து அவர் படுக்கை ஹாலுக்கு வந்துவிட்டது. சுப்ரஜாவும் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் அவர் இருமி இருமிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, “நல்லா ஊதுங்க. ஊதி ஊதி எங்களை நடுத்தெருவுல விட்டுட்டுப் போங்க” என்று சொல்லியிருந்தாள்.

அவர் வண்டி துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டார்.

“அடுத்த வெள்ளிக்கிழமை வாங்க,” என்றார் டாக்டர். “வேற மருந்துக்குப் போறதுக்கு முன்னாடி எனக்கு உண்மை வேணும். இன்னொரு தடவை தப்பா போனா இந்த நுரையீரல் தாங்காது.”

இன்று வியாழன்.

சுப்ரஜா வண்டியைச் சந்துக்குள் திருப்பினாள்.

*

“இன்னா சிஸ்டர், முன்னாடி பாத்தா கல்யாண மாப்ள மாதிரி ஸோக்கா கீது. பின்னாடி பாத்தா செங்கல் சூளை மாதிரி கீது!”

பிரிட்டோ ஒரு ஸ்க்ரூவைப் பல்லில் கடித்தபடியே பேசினான். முப்பத்தைந்து வயதிருக்கும். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

“அண்ணா, எதனால புகைன்னு மட்டும் சொல்லுங்க. எஞ்சினைத் திறக்காதீங்க. அப்பா கூடாதுன்னு சொல்லியிருக்காரு.”

“வயித்த தொடாம வயித்து வலி இன்னான்னு சொல்லணும். அதானே? சரி. நான் கேக்கறதுக்கு மறைக்காம பதில் சொல்லு. காலைல ஸ்டார்ட் பண்ண ஒடனே குப்புனு புகை வந்து, அப்பால நின்னுடுதா?”

“இல்ல. காலைல சுத்தமா இருக்கும். ஓட ஓடத்தான்.”

“அப்போ வால்வ் சீல் இல்ல. மேம்பாலத்துல எறங்கும்போது ஆக்சிலேட்டர விட்டுடுவ இல்ல, அப்போ?”

“அப்போ கம்மி. ஏறும்போதுதான் பயங்கரமா வருது.”

“நீலமா? கறுப்பா?”

“நீலம்.”

“ரிங்கு,” என்றான் பிரிட்டோ. “பிஸ்டனச் சுத்தி மோதிரம் மாதிரி இருக்கும். ஆயில் மேல ஏறாம புடிச்சி வெக்கிறது அதான். தேஞ்சிடுச்சின்னா ஆயில் பூந்து எரியும். எதுக்கும் கேஸ கன்ஃபார்ம் பண்ணிக்கலாம்.”

கிக்கரைக் கையால் அழுத்தினான். குழந்தையின் சைக்கிள் பெடல் மாதிரி எதிர்ப்பே இல்லாமல் இறங்கியது. பிளக்கைக் கழற்றினான். “இது திறக்கறதுல சேராது, பயப்படாத.” முனையில் ஆயில் கரியாய்ப் பிசுபிசுத்தது. அந்த ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயிலை உள்ளே விட்டுப் பிளக்கை மாட்டி, மறுபடி கிக்கரை அழுத்தினான். இந்த முறை கை நின்றது. உடம்பு எடை முழுவதையும் போட வேண்டியிருந்தது.

“பாத்தியா? நான் ஊத்துன ஆயில் சந்த அடச்சிகிச்சி, கம்ப்ரஷன் வந்துட்ச்சி. ரிங்கேதான். சந்தேகமே இல்ல.”

“பழைய வண்டிதானே அண்ணா. தேயாதா?”

“தேயும். ஆனா எப்போ போட்ட ரிங்குன்னு பாக்கணும்.” வண்டியின் பக்கவாட்டு மூடிக்குள் பிளக் ஸ்பேனரைத் திரும்ப வைக்கப் போனவன், பாலிதீனில் மடித்துச் செருகியிருந்த ஒரு பில்லை எடுத்து நீட்டினான். வேறு ஏதோ மெக்கானிக் ஷாப். மார்ச் 2023. பிஸ்டன், ரிங், சிலிண்டர் போர், ஏர் ஃபில்டர். கீழே கிலோமீட்டர் குறித்திருந்தது: 61,240.

பிரிட்டோ குனிந்து மீட்டரைப் பார்த்தான். 80,310.

“பத்தொம்பதாயிரம் ஓடிக்கீது. இதுக்கே ரிங்கு போச்சின்னா இன்னாவோ பேஜார். அப்பா எங்க வேல?”

“பம்மல்.”

“இங்கேர்ந்து பம்மல் போய் வந்தா பதினெட்டு கிலோமீட்டர். ரெண்டு வருஷத்துக்குப் பத்தாயிரம், மிஞ்சிப் போனா பதினொண்ணு. பாக்கி எங்க ஓட்னாரு?”

சுப்ரஜாவும் குனிந்து மீட்டரைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டை விட்டு நகர்ந்ததே கிடையாது.

“எதுனா மண்ண தின்னுகீதா பாப்போம்.” ஏர் ஃபில்டர் பெட்டியின் திருகுகளைக் கழற்றினான். “இதுவும் எஞ்சின் இல்ல. வண்டிக்கு மூக்கு. அவ்ளோதான்.”

மூடி வந்தது.

உள்ளே சாம்பல் வெள்ளையாய்ப் பொடி. மூலை முடுக்கெல்லாம் அப்பியிருந்தது. பிரிட்டோ ஃபில்டரை வெளியே இழுத்து வெயிலில் தூக்கிப் பிடித்தான். மடிப்பு மடிப்பான காகிதம். ஓரத்தில் விரல் நீளத்துக்குக் கிழிசல். அதன் வழியே ஆகாயம் தெரிந்தது.

“அடப்பாவி,” என்றான் மெதுவாக. “கம்ப்ரஸர் காத்த கிட்ட வெச்சி அடிச்சிகீறாங்க. சுத்தம் பண்றேன்னு தெனமும் அடிச்சிகீறாங்க. பேப்பர் எத்தினி நாளு தாங்கும்? கிழிஞ்சிட்ச்சி. அப்பால பொடி நேரா எஞ்சினுக்குள்ள போய்ட்ச்சி. உப்புத்தாள் வெச்சித் தேச்ச மாதிரி ரிங்க தேச்சிட்ச்சி.”

“ரோட்டுத் தூசியா?”

“ரோட்டுத் தூசி செவப்பா இருக்கும். தொட்டுப் பாரு.”

சுப்ரஜா தொட்டாள். முகப் பவுடர் போல மெல்லியது. விரலிடுக்கில் தேய்த்தால் நறநறத்தது.

“கருங்கல்லு. கேளம்பாக்கம் ரோட்ல கிரானைட் அறுக்கிற பட்டறைங்க கீது இல்ல, அந்த ஆளுங்க வண்டி இப்டித்தான் வரும். உங்கப்பா எந்தப் பட்டறைல வேல செய்றாரு?”

“அவர் ஆபீஸ் அண்ணா. ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். வெள்ளைச் சட்டை போட்டுட்டுப் போவார்.”

பிரிட்டோ வாயிலிருந்த ஸ்க்ரூவை எடுத்தான். ஃபில்டரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கிண்டல் முகத்திலிருந்து மொத்தமாகப் போய்விட்டது.

“சிஸ்டர்… உங்கப்பாக்கு ஒடம்பு நல்லா கீதா?”

*

புது ஃபில்டர் மாட்டிக்கொண்டு அதே வண்டியில் போனாள். பழையது ஒரு கேரி பேக்கில், கைப்பிடியில் தொங்கியது. வண்டலூரில் இடது பக்கம் திரும்பி, கண்டிகை தாண்டி, முதல் பட்டறையில் அப்பாவின் போட்டோவைக் காட்டினாள். தெரியாது என்றார்கள். இரண்டாவதிலும் இல்லை.

மூன்றாவதில் தகரக் கூரைக்குக் கீழே ஒருவர் சமையல் மேடைக் கல்லை மெஷினால் அறுத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் விடாமல் காய்ந்த கல்லை அப்படியே அறுத்தார். அவரைச் சுற்றி இரண்டடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. புருவம், இமை, காதுமடல் எல்லாம் வெள்ளை. மெஷினை நிறுத்திவிட்டுப் போட்டோவைப் பார்த்தார்.

“நம்ம குமாரண்ணன்! நீ சுப்ரஜாவா? மெப்ஸ் கம்பெனில வேலைக்குப் போற இல்ல? எல்லாம் சொல்லிகீறாரு. நான் ஏசுபாதம். அண்ணன் எப்டிகீறாரு? லீவு போட்டுப் போனவரு போனே எடுக்க மாட்டேன்றாரு.”

“எத்தனை வருஷமா இங்க…?”

“நாலு வருஷம் இருக்கும். கம்பெனிய மூடிட்டாங்கன்னு வந்தாரு. ஆபீஸ் ஆளு, இது தாங்காதுண்ணான்னு நான்கூடச் சொன்னேன். ரெண்டு மாசம்தான்னாரு.” ஏசுபாதம் ஒரு முறை இருமிவிட்டுத் துப்பினார். “ஒரு விஷயத்துல அவர அடிச்சிக்க ஆள் கெடயாது. சாயந்தரம் ஆச்சின்னா, தோ, அந்தக் கம்ப்ரஸர் பைப்ப எடுப்பாரு. தலை, காது, கையி, காலு, ஒரு எடம் விடாம காத்தடிப்பாரு. பத்து நிமிஷம். நாங்கல்லாம் கைய ஒதறிட்டு கெளம்பிடுவோம். அவரு மட்டும் அந்த மூலைல, பொடி பறக்கப் பறக்க நின்னுகினு அடிப்பாரு. அப்பால வண்டிக்கு அடிப்பாரு. ஃபில்டருக்கு அடிப்பாரு. கடசில வெள்ளச் சட்ட. ‘இன்னாண்ணா, பொண்ணு பாக்கவா போற’ன்னு கலாய்ப்போம். ‘வூட்ல ஒரு பொட்டு தெரியக் கூடாதுப்பா’ம்பாரு.”

“முகத்துல துணி கட்டிப்பாரா, காத்தடிக்கும்போது?”

“மூஞ்சியத்தானே மொதல்ல அடிக்கணும்? துணி கட்டினா எப்டி?”

சுவரில் ஓர் ஆணி. அதில் ஒரு சட்டை தொங்கியது. “அண்ணன் வேலை சட்ட. வந்தா போட்டுக்குவாருன்னு அப்டியே வெச்சிகீறேன்.”

சுப்ரஜா அதை எடுத்தாள். மடங்கவில்லை. ஆணியில் தொங்கிய வடிவத்திலேயே அட்டை மாதிரி கையில் வந்தது. நீலக் கட்டம் போட்ட சட்டை. அவளுக்கு அடையாளம் தெரிந்தது. அவள் பன்னிரண்டாவது படிக்கும்போது தீபாவளிக்கு அப்பாவுக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. தொலைந்துவிட்டது என்று சொல்லியிருந்தார்.

வெளியே வரிசையாக நான்கு வண்டிகள் நின்றன.

“உங்க வண்டியும் புகை விடுதா அண்ணா?” என்று கேட்டாள்.

ஏசுபாதம் சிரித்தார். “எல்லாருதும் விடும்மா. கல்லு வேலைல அதெல்லாம் சகஜம்.”

“ஆஸ்பத்திரில போய் ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கோங்கண்ணா. நாளைக்கே போங்க. கல் அறுக்கற வேலைன்னு மறக்காம சொல்லுங்க.”

அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

*

குமரவேல் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். அவள் உள்ளே வந்ததும் கையிலிருந்த கேரி பேக்கைப் பார்த்தார். பிறகு அக்குளில் இடுக்கியிருந்த சட்டையை.

“திறந்துட்டியா?”

“திறந்துட்டேன்பா.”

அவர் சமையலறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “அம்மாகிட்ட சொல்லாத.”

“ஏம்பா இப்படிப் பண்ணீங்க?”

“கம்பெனிய மூடிட்டான்மா. நீ அப்போ காலேஜ் ரெண்டாவது வருஷம். ரெண்டு வாரத்துல வேற ஆபீஸ் கிடைச்சிடும், கிடைச்சப்புறம் சொல்லிக்கலாம்னு பாத்தேன். கிடைக்கல. அப்புறம் சொல்றதுக்கான நாள் தாண்டிப்போச்சு. உங்கம்மா தினமும் காலைல சட்டை தேய்ச்சு மாட்டி வச்சிருப்பா. அதைப் பாத்தா வாய் வராது.”

“ரெண்டு வருஷம் முன்னாடி ரிங் மாத்தினப்பவே அந்த மெக்கானிக் தூசின்னு சொல்லலயா?”

“சொன்னான்.” மூச்சு வாங்கினார். “ஃபில்டரைத் தினமும் சுத்தம் பண்ணுங்க, இல்லன்னா மறுபடியும் போயிடும்னான். அதனாலதான் ஒரு நாள் விடாம காத்தடிச்சேன்.”

“வண்டிக்கு! வண்டிக்கு அடிச்சீங்க. டாக்டர் அவ்வளவு தூரம் கேட்டாங்களே. தூசில வேலை பாத்தீங்களான்னு மூஞ்சியப் பாத்துக் கேட்டாங்களே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?”

குமரவேல் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“அம்மா பக்கத்துல உக்காந்திருந்தாளேம்மா.”

சுப்ரஜா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். “ஊதி ஊதிச் சாவுங்கன்னு சொன்னேனேப்பா. ஒரு பீடிகூடக் குடிக்காதவரை…”

“சாவுன்னு நீ சொல்லல. நடுத்தெருன்னுதான் சொன்ன.” சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது.

இருமல் நின்றபோது கதவோரம் கீதா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று இருவருக்கும் தெரியவில்லை. வந்து அந்த அட்டைச் சட்டையை எடுத்தாள். நீவிப் பார்த்தாள். பொடி அவள் புடவையில் கொட்டியது.

“மூணு வருஷமா,” என்றாள், யாரிடம் என்று இல்லாமல். “நீங்க வந்ததும் தினமும் சட்டையை மோந்து பாப்பேன். பீடி வாசனையே வராது. என்ன சாமர்த்தியம் பாரு, வாசனைகூட இல்லாம குடிக்கிற மனுஷன்னு வயிறு எரியும். தினமும் மோந்து பாத்தேன். தினமும் இல்ல. அப்பகூட எனக்குத் தோணல.”

குமரவேல் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள மூன்றடி வர வேண்டியிருந்தது. வந்தாள்.

*

வெள்ளிக்கிழமை டாக்டர் தபீதாள் கேரி பேக்கைத் திறந்து பார்த்தார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மறுபடி மாட்டினார்.

“கல் பொடி,” என்றார். “ஸ்கேன் எடுத்து உறுதி பண்ணிக்கலாம். இது காசநோய் இல்ல. உள்ளே போன பொடி வெளிய வராதும்மா. இனிமே வேகமா மோசமாகாம பாத்துக்கலாம், மூச்சுக்கு உதவி பண்ணலாம். போனதைத் திருப்ப மருந்து கிடையாது.”

“ரெண்டு வருஷம் முன்னாடி தெரிஞ்சிருந்தா?” என்று கேட்டாள் சுப்ரஜா.

டாக்டர் குமரவேலைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “அப்பவே வேலையை நிறுத்தியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது.”

மார்ச் 2023. பாலிதீனில் மடித்த பில் சுப்ரஜாவின் கண் முன்னால் வந்தது. பிஸ்டன், ரிங், போர், ஏர் ஃபில்டர். வண்டிக்கு எல்லாம் மாற்றிவிட்டு, மறுநாள் காலை எட்டு மணிக்கு அதே வண்டியில் அங்கேயே போயிருக்கிறார்.

அடுத்த வாரம் பிரிட்டோ எஞ்சினை இறக்கி, சிலிண்டரைப் போர் செய்து, புது ரிங் போட்டுத் தானே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். ஜன்னலோரம் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு இருந்தவரைப் பார்த்து ஆக்சிலேட்டரை முறுக்கிக் காட்டினான்.

“ஸார், பாத்துக்க! புள்ள பொறந்த மாதிரி கீது!”

“புகை வருதா?” என்று கேட்டார் குமரவேல். குரல் வாசல்வரை எட்டவில்லை. சுப்ரஜா ஓடிப்போய் சைலன்ஸருக்குப் பின்னால் கையை வைத்துப் பார்த்தாள்.

“இல்லப்பா. கொஞ்சம்கூட இல்ல.”

அவர் திருப்தியாகத் தலையசைத்தார். “நல்ல வண்டி.”

இப்போதும் கீதா தினமும் காலையில் ஒரு வெள்ளைச் சட்டையைத் தேய்க்கிறாள். எட்டு மணிக்கு அவருக்கு மாட்டிப் பொத்தான் போட்டுவிடுகிறாள். எங்கேயும் போவதற்கில்லை. நாற்காலி வரைக்கும்தான். மாலையில் அதைக் கழற்றும்போது, பழக்கத்தில் கை தானாக மேலே போகிறது. சட்டையை முகத்தில் வைத்து மோந்து பார்க்கிறாள்.

நேற்று முகத்தில் வைத்த சட்டையை, வெகுநேரம் அவள் எடுக்கவே இல்லை.